உயிலில் இல்லாத கல்லூரி

பச்சையப்ப முதலியார் கதையை எல்லோரும் சொல்லும் முறை ஒன்று உண்டு. பிறக்கும் முன்பே தகப்பனை இழந்த பிள்ளை. வெள்ளையர்களுக்கு மொழிபெயர்ப்புத் தரகரான துபாஷியாகிப் பெரும்பொருள் சேர்த்தார். பிள்ளைகள் படிக்கட்டும் என்று சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத் தேடித்தான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் உயர் நீதிமன்ற வளாகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் நடையாய் நடந்தேன்.

சந்தேகம் கிளம்பியது தேதிகளால். உயில் எழுதப்பட்டது 1794 மார்ச் 22. ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31 அன்று, திருவையாற்றில் அவர் காலமானார். வயது நாற்பது. அவர் பெயரில் முதல் பள்ளி சென்னைக் கறுப்பர் பட்டணத்துப் பாப்பம்ஸ் பிராட்வேயில் திறக்கப்பட்டது 1842 ஜனவரி 1 அன்று. கல்விக்கென்று பணம் ஒதுக்கியவர் செத்து ஒரு தலைமுறையே கடந்த பிறகா பள்ளி திறக்கும்? இடையில் ஏதோ நடந்திருக்க வேண்டும். விழா மலர்கள் அந்த இடைவெளியை ஒரு காற்புள்ளியில் தாண்டிவிடுகின்றன.

நடுவில் இருக்கும் தேதி 1832. சென்னை சுப்ரீம் கோர்ட் பச்சையப்பர் அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்த ஆண்டு. சுப்ரீம் கோர்ட் என்றதும் டெல்லியை நினைக்க வேண்டாம். 1801இல் தொடங்கி, 1862இல் உயர் நீதிமன்றம் வரும்வரை சென்னைப் பட்டணத்துக்கென்று இயங்கிய, ஆங்கிலேய நீதிபதிகள் ஆங்கிலச் சட்டப்படி நடத்திய நீதிமன்றம் அது. கடற்கரைச் சாலையில் பெண்டிங்க் கட்டடத்தில் உட்கார்ந்தது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. இடித்துவிட்டு, அதே இடத்தில்தான் சிங்காரவேலர் மாளிகையைக் கட்டினார்கள்.

தீர்ப்புகளைத் தேடுகிறவன் முதலில் போவது அச்சிட்ட வழக்குத் தொகுப்புகளுக்கு. சென்னையில் அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் சர் தாமஸ் ஸ்டிரேஞ்ச். 1798இல் ரெக்கார்டர் என்ற பட்டத்தோடு நீதிபதியாக வந்து, பிறகு சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதியானவர். தாம் கேட்ட வழக்குகளின் குறிப்புகளை அவரே அச்சேற்றினார். அருமையான தொகுப்பு. கறுப்பர் பட்டணத்துச் செட்டிகளும் முதலிகளும் பாகப் பிரிவினைக்கு அடித்துக்கொண்டதெல்லாம் அதில் உயிரோடு இருக்கிறது. ஆனால் 1816உடன் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்ற அறிக்கைகள் தொடங்கும்வரை சென்னைப் பட்டணத்து நீதிமன்ற வரலாற்றில் பெரிய இருட்டு. 1832 அந்த இருட்டின் நட்டநடுவில் விழுகிறது.

சரி, அட்டவணைகளைப் பார்ப்போம் என்றால் இன்னொரு சிக்கல். அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் பச்சையப்பர் ‘பாட்சியப்பா’ ஆகிவிட்டிருந்தார். அதையும் சமாளித்துத் தேடினேன். வழி சொன்னவர், உயர் நீதிமன்ற வட்டாரத்தில் தலை நரைத்த ஒரு வக்கீல் குமாஸ்தா.

“பச்சையப்பான்னு தேடினா எப்படி சார் கிடைக்கும்? தரும சொத்து கேஸ்ல செத்தவர் பேர் காஸ் டைட்டில்ல வராது. அட்வகேட் ஜெனரல்னு தேடுங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் இந்த விஷயத்தின் முழுச் சட்டமும் அடங்கியிருக்கிறது. ஒருவர் தம் பிள்ளைக்குச் சொத்து எழுதினால், அது சரியாகக் கிடைக்கவில்லையென்று பிள்ளை வழக்குப் போடுவான். சிதம்பரத்தில் நாள்தோறும் சோறு போட எழுதிவைத்தால், சோறு போடவில்லையென்று யார் வழக்குப் போடுவது? பசித்தவனிடம் வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது? சாமியும் படி ஏறாது. இங்கிலாந்தில் இதற்கு அரசரைப் பாதுகாவலராக வைத்தார்கள். தரும காரியத்துக்கு விட்ட சொத்து எல்லாம் அரசரின் கவனிப்பில். அரசருக்காக அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்தில் முறையிடுவார். எது தருமம், எது இல்லை என்பதற்கு 1601இல் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் ஒரு பட்டியலே கொடுத்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அந்த அதிகாரம் 1813 சாசனச் சட்டத்தின் 111ஆம் பிரிவு வழியாக இங்குள்ள அட்வகேட் ஜெனரலுக்கு வந்தது. ஆகவே இப்படிப்பட்ட வழக்கில் வாதி அவர்தான். பச்சையப்பருக்காக வாதாடியது அவர் குடும்பமல்ல, கம்பெனியின் வக்கீல்.

அந்த அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். இவரைப் பிடிப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சென்னை வரலாற்றில் நார்ட்டன்கள் ஏகப்பட்ட பேர். சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக வந்த சர் ஜான் டேவிட் நார்ட்டன். அவர் மகன் ஜான் புரூஸ் நார்ட்டன், இவரும் பின்னால் அட்வகேட் ஜெனரல் ஆனார், பச்சையப்பர் பள்ளியின் ஆண்டு விழாக்களில் பேசிய உரைகள் புத்தகமாகவே வந்தன. அவர் மகன் எர்ட்லி நார்ட்டன், காங்கிரஸ்காரர், பிற்பாடு அலிப்பூர் குண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் நின்றவர். பச்சையப்பர் வழக்கை நடத்திய ஜார்ஜ் இந்த மூன்று தலைமுறையில் சேராதவர். ஜான் புரூஸ் செய்ததை ஜார்ஜ் கணக்கிலும், ஜார்ஜ் செய்ததை ஜான் புரூஸ் கணக்கிலும் எழுதிவைத்த புத்தகங்கள் உண்டு. அசைலம் அச்சக ஆண்டுக்குறிப்புகளில் நீதிமன்ற உத்தியோகஸ்தர் பட்டியல் வருடாவருடம் வரும். ஆளைப் பிரித்தறிய அதைவிட நம்பகமான கருவி இல்லை. 1832இல் தலைமை நீதிபதி சர் ரால்ஃப் பாமர், அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன்.

இனி, ஏன் முப்பத்தெட்டு ஆண்டு? உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருந்த கோயில், அன்னதானக் கட்டளைகளை நடத்தவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். உண்மைதான். ஆனால் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோளாறின் ஆழம் தெரிகிறது. பச்சையப்பர் காலமான திருவையாறு அன்றைக்குக் கம்பெனி மண்ணே அல்ல. அமர்சிங் ஆண்ட தஞ்சை மராட்டிய அரசு. தஞ்சை கம்பெனி கைக்கு முழுதாக வந்தது 1799இல். கட்டளை நடக்க வேண்டிய காஞ்சிபுரமும் சிதம்பரமும் சென்னைப் பட்டணத்துக்கு வெளியே. பணமும் பொறுப்பாளிகளும் பட்டணத்துக்குள். பட்டணத்திலும் 1794இல் இருந்தது மேயர் கோர்ட். 1798இல் அது போய் ரெக்கார்டர் கோர்ட் வந்தது. 1801இல் அதுவும் போய் சுப்ரீம் கோர்ட். ஒரே உயில் மூன்று நீதிமன்றங்களின் காலத்தைப் பார்த்துவிட்டது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் பிடி கிடைத்தது பணம் வைத்திருந்தவர்கள் பட்டணத்துவாசிகள் என்பதால். நிலம் எங்கே, கோயில் எங்கே என்று அது பார்க்கவில்லை. ஆள் எங்கே என்று பார்த்தது.

இன்னொரு கேள்வி அதைவிடக் கூர்மையானது. இந்து ஒருவர் உயில் எழுதவே முடியுமா? தருமசாஸ்திரங்களில் உயில் கிடையாது. சொத்து பங்காளிகளுக்குப் போகும், அவ்வளவுதான். பட்டணத்துக்கு வெளியே கம்பெனியின் நீதிமன்றங்களான அதாலத்துகளுக்காக 1829இல் போட்ட ஐந்தாம் ரெகுலேஷன், இந்துச் சட்டத்துக்கு ஒத்துவராத உயிலுக்குச் செல்லுபடி இல்லை என்றே அறிவித்தது. மூன்றே வருடத்தில், பட்டணத்துக்குள் இருந்த சுப்ரீம் கோர்ட் பச்சையப்பர் உயிலைத் தாங்கிப் பிடிக்கிறது. பச்சையப்பருக்கு மகன் இல்லை. கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் விடுவதை எந்தச் சாஸ்திரமும் தடுப்பதில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் உயிலைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன். ஒரு மகன் இருந்திருந்தால், பச்சையப்பன் கல்லூரி நிற்கும் சேத்துப்பட்டில் இன்று வேறு ஏதோ கட்டடம் நின்றுகொண்டிருக்கும்.

பணத்துக்கு வருவோம். தருமத்துக்கு ஒரு லட்சம் வராகன் என்று நூல்கள் சொல்கின்றன. நட்சத்திர வராகன் என்பது சுண்டுவிரல் நுனியளவு தங்கக் காசு; ஒருபுறம் தெய்வ உருவம், மறுபுறம் பொடி மணிகளுக்கு நடுவே நட்சத்திரம். சென்னைக் கணக்குப் புத்தகங்களில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் போட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் வராகன் மூன்றரை லட்சம் ரூபாய். ஆனால் சமயக் கட்டளைகளுக்கென்று நிலைநிறுத்தப்பட்ட தொகையாக நூல்கள் தருவது நாலரை லட்சம் ரூபாய். அதற்கு மேல் இருந்ததுதான் கல்விக்குப் போனது என்றும் அவையே சொல்கின்றன. பெட்டியில் பூட்டிய பணம் குட்டி போடாது. வட்டி ஏறியிருக்கிறது. யார் கணக்கில் என்பதுதான் வழக்கு.

சுப்ரீம் கோர்ட்டில் ‘ஈக்விட்டி’ எனப்படும் நியாய நெறிப் பிரிவில் இப்படிப்பட்ட வழக்குகள் நடந்த விதம் இன்றைய கண்ணுக்கு விநோதமாக இருக்கும். சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் அங்கே முக்கியமில்லை. நீதிபதிகள் விஷயத்தை ‘மாஸ்டர்’ என்ற அதிகாரியிடம் அனுப்புவார்கள். அவர் பொறுப்பாளிகளைக் கூப்பிட்டு வரவு என்ன, செலவு என்ன, கையிருப்பு எங்கே, வட்டி எத்தனை என்று வருடவாரியாகக் கணக்கெடுப்பார். கணக்கு முடிந்ததும், இனி இந்தத் தருமம் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு ‘ஸ்கீம்’ வரைவார். நீதிமன்றம் அதை ஊர்ஜிதம் செய்தால் அதுவே அந்த அறக்கட்டளைக்கு அரசியல் சட்டம் மாதிரி. அறங்காவலர் யார், எப்படி நியமனம், எந்தக் கோயிலுக்கு எத்தனை, எஞ்சியது என்னாவது எல்லாம் அதில்தான் இருக்கும். நம்மூர் வக்கீல்கள் வாயில் இன்றும் ‘ஸ்கீம் டிக்ரி’, ‘ஸ்கீம் சூட்’ என்று புழங்குவது இந்த மரபின் மிச்சம்.

‘எஞ்சியது என்னாவது’ என்ற அந்தக் கேள்வியில்தான் என் தேடலுக்கு விடை இருந்தது. உயிலில் சொன்ன கட்டளைகள் அத்தனையும் குறைவில்லாமல் நடத்தியும் பணம் மிச்சம். அதை வாரிசுக்குத் திருப்பிக் கொடுக்கலாமா? ஆங்கில ஈக்விட்டி கூடாது என்றது. ஒரு முறை தருமத்துக்கென்று விட்ட பணம் தருமத்துக்கே. கொடுத்தவர் சொன்ன காரியத்துக்குத் தேவை தீர்ந்துவிட்டால், அவர் மனப்போக்குக்கு மிக அருகில் வரும் இன்னொரு பொதுக் காரியத்தை நீதிமன்றமே தேர்ந்தெடுக்கும். 1832 தீர்ப்பும் அதைத் தொட்டு நடந்தவையும் தேர்ந்தெடுத்தது கல்வியை. சென்னையில் ஒரு பள்ளி, காஞ்சிபுரத்தில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. கவனிக்க வேண்டிய இடம் இது. பின்னிரண்டும் கட்டளை நடந்த கோயில் ஊர்கள். பணம் போகவேண்டிய ஊருக்கே போயிற்று. காரியம் மட்டும் மாறியது.

ஏன் கல்வி? சத்திரம் கட்டியிருக்கலாம், குளம் வெட்டியிருக்கலாம், இன்னும் நாலு கோயிலுக்கு விளக்கு வைத்திருக்கலாம். பச்சையப்பரின் மனப்போக்குக்கு அவைதான் நெருக்கம். கோமளேசுவரன்பேட்டையில் வீடு வைத்துக்கொண்டு கூவத்தில் முழுகிவிட்டுச் சாமி கும்பிடப் போனவர் அவர். ஆமாம், அதே கூவம்தான். இங்கேதான் ஜார்ஜ் நார்ட்டனை மறுபடியும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. 1839 நவம்பரில் சென்னைவாசிகள் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரு மனுவைக் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் கொடுத்தார்கள்: எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று. கொண்டுபோய்க் கொடுத்தவர் நார்ட்டன். அதிலிருந்து வந்த உயர்நிலைப் பள்ளிதான் பிறகு மாநிலக் கல்லூரி ஆயிற்று. அரசு நியமித்த பல்கலைக்கழகக் குழுவுக்குத் தலைவரும் அவரே. பச்சையப்பர் பள்ளிக்குக் கட்டடம் எழும்பியபோது 1846 அக்டோபரில் அடிக்கல் நாட்டியவரும் அவரே. ஏதென்ஸ் நகரத்துக் கோயிலை மாதிரியாக வைத்துப் பெருந்தூண்களோடு கட்டிய அந்தப் பச்சையப்பன் மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். கடைகளுக்கும் பலகைகளுக்கும் மேலாகத் தலையை நிமிர்த்த வேண்டும்.

உயிலின் மிச்சப் பணத்துக்கு எது அருகிலுள்ள காரியம் என்ற கேள்வி எழுந்தபோது வாதியாக நின்றவர், ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர். இது கைரேகை அல்ல, சந்தர்ப்ப சாட்சியம். ஆனாலும் வலுவான சந்தர்ப்ப சாட்சியம். நார்ட்டன் தனியாள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எழுபதாயிரம் கையெழுத்தில் பட்டணத்து முதலியார்களும் செட்டியார்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளியை நடத்தியதும் இந்து அறங்காவலர்களே. மிஷன் பள்ளியில் படித்தால் பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயம் அன்றைய பெற்றோருக்கு நிறைய இருந்தது. கோயில் பணத்தின் வட்டியில் நடக்கும் ஆங்கிலப் பள்ளி அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்தது. அந்த வகையில் பார்த்தால் பச்சையப்பரின் மனப்போக்குக்கு நீதிமன்றம் ரொம்பத் தூரம் போய்விடவில்லை.

இதில் ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. பொறுப்பாளிகள் 1794இலிருந்தே ஒழுங்காகக் கட்டளை நடத்தியிருந்தால் வட்டி அந்தந்த வருடமே எண்ணெயாகவும் அரிசியாகவும் செலவாகியிருக்கும். மிச்சமே இருந்திருக்காது; கல்லூரியும் இருந்திருக்காது. இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வுக்குப் படித்துத் தவறியதும், அண்ணா எம்.ஏ. படித்ததும் வேறு எங்காவது நடந்திருக்கும். அதற்காக அந்த முப்பத்தெட்டு ஆண்டை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அத்தனை காலம் சோறு கிடைக்காமல் போனவர்களுக்கு எந்த ஸ்கீமும் ஈடு கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது.

1832இல் வழக்கமாக இருந்தது பின்னால் சட்ட வாசகமாயிற்று. 1877 சிவில் நடைமுறைச் சட்டத்தில் 539ஆம் பிரிவு. 1908இலிருந்து 92ஆம் பிரிவு. அறங்காவலரை நீக்கலாம், புதியவரை நியமிக்கலாம், கணக்குக் கேட்கலாம், சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ அனுமதிக்கலாம், எந்தக் காரியத்துக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கலாம், ஸ்கீம் வகுக்கலாம். வழக்குப் போட அட்வகேட் ஜெனரல்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்தால் போதும். முன்பு அவர்கள் அட்வகேட் ஜெனரலின் எழுத்து மூலமான சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. 1976 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்தின் அனுமதி. அதே திருத்தம் 92இல் மூன்றாம் உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தது. மூல நோக்கத்தை நீதிமன்றம் எப்போதெல்லாம் மாற்றலாம் என்று அது வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று, மூல நோக்கங்கள் சொத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே பயன் காட்டும் நிலை. அதைப் படித்தபோது எனக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. பச்சையப்பர் பணத்துக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். சட்டப் புத்தகத்துக்கு வர 144 வருடம் ஆயிற்று.

இங்கிலாந்து 1853இலேயே தரும சொத்துகளைக் கவனிக்கத் தனி ஆணையம் வைத்துக்கொண்டது. பம்பாய் 1950இல் அறநிலைய ஆணையரை நியமிக்கும் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கும் சமயக் கட்டளைகளுக்கும் அறநிலையத் துறை வந்தது. 1959 சட்டம் அவற்றை 92ஆம் பிரிவிலிருந்தே வெளியே எடுத்துவிட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நடத்தும் மற்ற பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒரு பொது ஆணையர் இல்லை. அவற்றுக்கு மேல் இருக்கும் கண் பெரும்பாலும் நீதிமன்றத்தின் கண்தான். அந்தக் கண் தானாகத் திறக்காது. யாராவது மனுவோடு போக வேண்டும். என் கணிப்பில் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுவே. நல்ல நீதிபதி, நல்ல ஸ்கீம் எல்லாம் இருந்தும், கணக்குக் கேட்க ஆள் இல்லாத அறக்கட்டளையில் குத்தகைப் பாக்கி தலைமுறைக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

ஸ்கீம் ஒரு முறை எழுதினால் முடிந்துவிடுவதும் இல்லை. தேவைப்பட்டால் உத்தரவு கேட்டு நீதிமன்றத்துக்கு வரலாம் என்று ஒரு வாசகம் அதில் வழக்கமாக இருக்கும். அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு, புது வழக்குப் போடாமலே மனு போட்டு ஸ்கீமைத் திருத்தலாமா என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1961இல் ராஜே ஆனந்தராவ் வழக்கில், ஸ்கீமிலேயே அதற்கு இடம் வைத்திருந்தால் திருத்தலாம் என்றார்கள். மற்ற வழக்குகள் தீர்ப்போடு செத்துவிடும். அறக்கட்டளை வழக்கு மட்டும் தீர்ப்புக்குப் பிறகுதான் நடமாடத் தொடங்கும்.

பச்சையப்பர் அறக்கட்டளைக்கும் அதுவே நேர்ந்தது. 1832இல் பொறுப்பாளிகளிடமிருந்து தருமத்தைப் பிடுங்கி ஒழுங்குசெய்த சுப்ரீம் கோர்ட்டின் வாரிசான சென்னை உயர் நீதிமன்றம், 2018இல் அதே அறக்கட்டளையைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதி பி. சண்முகத்தை இடைக்கால நிர்வாகியாக நியமித்தது. குமாஸ்தா சொன்ன வழியில் தேடத் தொடங்கியவன் கடைசியில் வந்து நின்றது பழைய கட்டுகளிடம் அல்ல, உயர் நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியலில். இப்போதைய மனுக்களில் பெயரைச் சரியாகவே எழுதுகிறார்கள். ‘ப’விலேயே தேடலாம்.